ரவிக்கைக்குப் போதாத துணி

நவராத்திரி முடிந்த மறுநாள் எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான் எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. தாம்பூலப் பைகளைக் கொட்டிப் பிரிப்பது. வாடின வெற்றிலை குப்பைக்கு, தேங்காய் சமையலறைக்கு, ரவிக்கைத் துணி அடுத்த வருடத்துக்கு. இந்த எலெக்ட்ரானிக் சிட்டியில் தாம்பூலத்தில் வந்த துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டவளை நான் பார்த்ததே இல்லை. நான் கொடுத்த துணியே சுற்றிச் சுற்றி எனக்கு வந்திருக்கிறது. அப்போது முகத்தில் சிரிப்பு வராமல் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

எந்தப் பை யார் வீட்டுடையது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அந்த ஊதாத் துணி கையில் வந்தது. மேலெல்லாம் பொடிச் சுருக்கம் விழுந்த பட்டு. நல்ல சதுரம். ஒரு மூலையில் வெள்ளையாக மூன்று இலை. ஓரத்தில் யாரோ மஞ்சள் நூலால் பீக்கோ அடித்திருக்கிறார்கள். மஞ்சளும் வெற்றிலையும் கலந்த வாசனை. அதை மடியில் விரித்துக்கொண்டேன். இது எமிகோ சானுடைய துணிதானா? அவருடையதில் பீக்கோ கிடையாது. பீக்கோ நடுவில் யாராவது அடித்ததாக இருக்கலாம். அம்மா இருந்திருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பாள்.

பல வருடங்களுக்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்த புதிது. பிரேசர் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டியின் வீட்டு மாடியில் அப்பா அம்மாவோடு குடியிருந்தேன். எமிகோ எங்கள் டீமோடு வேலை பார்க்க ஜப்பானிலிருந்து வந்தவர். பெயரோடு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை என்றார்கள், சேர்த்துக்கொண்டோம். அவர் குனிந்து வணங்குவார். பதிலுக்கு நான் குனிவேன். நான் குனிந்துவிட்டேனே என்று அவர் மறுபடி குனிவார். இதிலேயே எத்தனையோ முறை லிஃப்டைத் தவறவிட்டிருக்கிறோம். யார் முதலில் நிறுத்த வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் அவரைக் கொலுவுக்குக் கூப்பிட்டேன். படிகளைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். அவர்கள் ஊரிலும் பெண் குழந்தைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை வைப்பார்களாம். மேல்படியில் ராஜாவும் ராணியுமாம். அதைக் கேட்ட நிமிடமே அம்மாவுக்கு அவர் சொந்தக்காரி ஆகிவிட்டார்.

“அப்ப சுண்டல் உண்டான்னு கேளுடி.”

எமிகோ ஒரு பெட்டியை ஊதாத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருந்த மிட்டாய் அசல் கொழுக்கட்டைப் பூரணம்தான், நிறம்தான் வேறு. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து முடிச்சை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தவளை வேலை வாங்குவதா என்று அம்மாவுக்குப் பதறிவிட்டது. “விடும்மா, நான் பிரிச்சுக்கறேன்” என்று மூட்டையோடு வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். எமிகோவின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டினபடி இருந்தன.

கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். அர்த்தம் சொன்னதும் எமிகோ குதிக்காத குறை. அவர்களும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதையேதான் சொல்வார்களாம். “போயித்து வரேன், போயித்து வரேன்” என்று படி இறங்கி முடியும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

துணி பட்டு, நிறமும் நல்ல நிறம். அது ரவிக்கைத் துணிதான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. “புளியாரைக் கீரை இலை போட்டிருக்கு பாரு” என்று ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாளே அதை ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். இருப்பதில் நல்லதைத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆபீசில் எமிகோ தம்முடைய அரைகுறை ஆங்கிலத்தில் அவ்வப்போது கேட்பார், துணி நலமா என்று. துணியை நலம் விசாரிப்பதும் அவர்கள் மரியாதையில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்பேன். அவர் குனிவார். நானும் குனிவேன்.

எமிகோ ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோதுதான் டீமில் மொழிபெயர்ப்பு பார்த்த சுகுணா என்னைக் கேன்டீனில் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் துணியத் திருப்பிக் குடுத்தியா இல்லியா? உள்ள இருக்கறதுதான்டி நமக்கு. துணிய மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அது அவங்க கல்யாணத்துக்கு அவங்கம்மா குடுத்தது. அந்த மூணு இலை அவங்கம்மா வழிக் குடும்பச் சின்னம்.”

“அவங்க கேக்கவே இல்லியே!”

“அதான் நலமா நலமான்னு கேட்டுட்டே இருந்தாங்களே.”

விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். “தாய்வீட்டுச் சீராடி அது?” என்று மட்டும் கேட்டாள். உடனே கீழே போனோம். ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. “அது பிளவுஸுக்கே ஆகாதும்மா, கை வைக்கத் துணி பத்தல. ஆனேக்கல்ல நம்ம டெய்லர் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்.” சனிக்கிழமை பஸ் பிடித்து ஆனேக்கல் போனோம். “ஐயோ அக்கா, எனக்கும் பத்தல. ஓசூர் கல்யாணத்துல யாருக்கோ தாம்பூலத்தோட குடுத்தாச்சு. யாருக்குன்னு கேட்டா நான் எங்க போவேன்?” என்றாள் அந்தப் பெண். ஒரு பெண்ணின் தாய்வீட்டுத் துணியைத் தன் கையால் தொலைத்துவிட்டோம் என்பது அம்மாவால் தாங்க முடியாததாக இருந்தது.

விடைபெற வந்த எமிகோவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். அம்மா ஒரு முறுக்கு டப்பாவை மாம்பழ நிறப் பட்டுத் துண்டில் கட்டி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். தன் கல்யாணத்தில் அவள் தாய்வீட்டுச் சீர்த் தட்டை மூடி வந்த துண்டு அது, அதுவரை பெட்டியை விட்டு வெளியே வராதது. எமிகோ முடிச்சை அவிழ்த்தார். டப்பாவைத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். துண்டை மூலைக்கு மூலை சரியாக மடித்து, இரண்டு கையாலும் அம்மாவிடமே நீட்டினார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவர்கள் வழக்கம் அதுதான், துணியைக் கொடுத்தவரிடம் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நான் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அது வழக்கம்தானா, இல்லை கோபமா? எமிகோவின் முகத்தைப் பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் நின்று “போயித்து வரேன்மா” என்றார். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். “கோவமா இருந்தா வரேன்னு சொல்லுவாளா?” என்று பல வருடம், சம்பந்தமே இல்லாத நேரங்களில் கேட்பாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது, “சொல்ல மாட்டாங்கம்மா” என்றேன்.

எமிகோவின் பழைய முகவரிக்கு எழுதினால் மெயில் திரும்பி வருகிறது. சுகுணா எந்த நாட்டில் இருக்கிறாள் என்று தெரியாது. பிரேசர் டவுன் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. எங்கள் வழக்கப்படி இந்தத் துணியை யாருக்காவது வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி திருப்பித் தர வேண்டும். பிரித்த துணிகளையெல்லாம் அலமாரியில் அடுக்கியாகிவிட்டது, இது மட்டும் இன்னும் மடியில் இருக்கிறது.

போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. துணிதான் வந்திருக்கிறது. வந்துவிட்டது என்று சொல்லலாமென்றால் அம்மா வீட்டில் இல்லை.