ரூமியாத்தி இபு லாடெக் போட்ட கதை

இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெருவில் மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாசலில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற கடை ரூமியாத்தியுடையது. உள்ளே அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். வெளியே கணவர் முல்யாதி தெம்பே என்கிற சோயாக் கட்டியும் வாழைப்பழமும் பொரித்துப் போடுவார். பக்கங்கள் அச்சாகி வரும் வரை பிள்ளைகள் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடி தின்பார்கள். எல்லாருக்கும் அவர் இபு, அதாவது அம்மா. சொந்தமாக அவருக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி வருத்தப்பட அவருக்கு நேரமும் கிடைத்ததில்லை.

கணக்குத் துறைப் பிள்ளைகள் ரூமியாத்தியைத் தவிர வேறு யாரிடமும் போகமாட்டார்கள். சூத்திரம் அடிப்பதில் அவர் கை அப்படி. அவர் படித்தது பள்ளி இறுதி வரைக்கும்தான். குறிகளின் உண்மையான பெயர் பாதிக்கு மேல் தெரியாது; தானே பெயர் வைத்திருந்தார். தொகையீட்டுக் குறி மண்புழு. கூட்டல் தொடரின் குறி உடைந்த கதவு. முடிவிலி படுத்த எட்டு. பகுதி வகையீட்டுக்கு வருகிற வளைந்த குறி குனிந்த ஆறு. "மண்புழுவுக்கு மேல என்ன போட்டிருக்கே, ஒண்ணா ஏழா?" என்று அவர் கேட்டால் மாணவர்களும் சிரிக்காமல் பதில் சொல்லப் பழகியிருந்தார்கள்.

எதிர்க்கடை யொங்கிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. யொங்கி முப்பது வயதுக்காரன். பெரிய நகல் இயந்திரம், கண்ணாடி இழைக் கம்பியில் வருகிற வேகமான இணையம், குளிர்பதனம் என்று எல்லாம் வைத்திருந்தான். ரூமியாத்தி கடையில் அடித்தால் ஆய்வேட்டில் தெம்பே வாசனை வரும் என்று அவன் யாரிடமோ விளையாட்டாகச் சொல்லப்போக, அது தெருவைக் கடந்து இவர் காதுக்கு வந்துவிட்டது. அவன் கடையில் அடித்தால் வாசனை வராது, பிழை மட்டும்தான் வரும் என்று இவர் திருப்பிச் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் காலையில் கதவு திறக்கும்போது ஒருவரை ஒருவர் பார்க்காதபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பெருக்குவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் லின்தாங் என்ற பெண் கையெழுத்துக் கட்டோடு கடைக்கு வந்து, உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். இனிமேல் கணக்குத் துறையில் எல்லா ஆய்வேடும் லாடெக் என்கிற மென்பொருளில்தான் கோக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டதாம். அவளிடம் இருந்த மடிக்கணினி செத்துப்போய்விட்டது. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்கு அதிக நாளும் இல்லை.

வெளியிலிருந்து முல்யாதி எட்டிப் பார்த்து, "லாடெக்ஸா? அது ரப்பர் பாலாச்சே. அதை எதுக்குக் கம்ப்யூட்டருக்குள்ள ஊத்தணும்?" என்றார்.

லின்தாங் அழுகையை நிறுத்தி, அது வேறு, இது வேறு என்று விளக்கினாள். சூத்திரங்களை எழுத்தால் எழுதிக் கொடுத்தால் அதுவே அழகாகக் கோத்து, எண் போட்டு, பக்கமாக்கித் தருமாம். ரூமியாத்திக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் பிள்ளையின் மூக்கு சிவந்திருப்பதைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"நான் அடிச்சுத் தர்றேன். அழாதே."

"உங்களுக்கு லாடெக் தெரியுமா இபு?"

"நாளைக்குத் தெரியும்."

சீனியர் ஒருவன் கொடுத்திருந்த பென் டிரைவை லின்தாங் விட்டுப் போனாள். அதில் இருந்ததை அன்று மதியமே ரூமியாத்தி கணினியில் நிறுவினார். அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போக, ஒரு கோப்பை இஞ்சிக் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இதற்கா பயந்தோம் என்று நினைத்து, லின்தாங் எழுதிக் கொடுத்திருந்த மாதிரிப் பக்கத்தை அடித்து, பச்சை அம்புக்குறியை அழுத்தினார். கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. கட்டளையை இயக்க முடியவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே வரி. ஏதோ உடைத்துவிட்டோம் என்று அவருக்கு வியர்த்துப்போனது.

மாலையில் திரும்பி வந்த லின்தாங் தன் ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்து விவரம் கேட்டாள். ஒன்றும் உடையவில்லை, நிறுவியது எழுதுவதற்கான பலகை மட்டும்தான், பக்கத்தைக் கோக்கிற இயந்திரம் தனி, அதை நிறுவினால்தான் பலகைக்கு வேலை என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அப்படிச் சொல்லு. சட்டி வாங்கியாச்சு, அடுப்பு இன்னும் வரலை," என்றார் முல்யாதி.

அடுப்பைக் கொண்டு வருவதுதான் பாடாகிவிட்டது. அது ஒரே கோப்பாக வருவதில்லை. முதலில் அடிப்படையை இறக்க வேண்டும். பிறகு எந்தப் பக்கத்துக்கு எந்தத் துணைப்பொதி தேவையோ, அதை அதுவே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ரூமியாத்தியிடம் இருந்ததோ கைப்பேசி இணையம். கால்வாசி இறங்குவதற்குள் அந்த மாதத்து அளவு தீர்ந்துவிட்டது. தெருவில் நல்ல இணையம் இருந்தது ஒரே ஒரு கடையில்.

ரூமியாத்தி எதிர்க்கடையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கம்பிகளைப் பிடுங்கி, கணினிப் பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எங்கே போறே ரூம்?"

"எதிர்ல."

 முல்யாதி எண்ணெய் சொட்டுகிற ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் போய் நின்று இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினார். போலீஸ்காரர் நிறுத்தியிருந்தால்கூட வண்டிக்காரர்கள் அப்படி நின்றிருக்கமாட்டார்கள். பெட்டியைச் சுமந்துகொண்டு ரூமியாத்தி தெருவைக் கடந்தார். கல்லாவில் இருந்த யொங்கி எழுந்து நின்றுவிட்டான்.

"உன் இணையம் கொஞ்சம் வேணும்," என்றார் ரூமியாத்தி. "நான் அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே."

"நான்தானே இபு மொதல்ல ஆரம்பிச்சேன்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டான் அவன். சற்றுத் தயங்கிவிட்டு, அவனுடைய கடைக்கும் கணக்குத் துறைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்ததாகவும், தனக்கு அந்தக் குறிகளைப் பார்த்தாலே தலை சுற்றுவதால் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான்.

குளிர்பதன அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் நிறுவத் தொடங்கினார்கள். பச்சைப் பட்டை வேகமாக நகர்ந்தது. பாதி வந்ததும் ஒரு கறுப்புச் சாளரம் பளிச்சென்று திறந்து மூடியது. அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோனது. கணினியை அணைத்துப் போட்டார்கள். வைரஸ் தடுப்பியைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்தார்கள். பழைய கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். அதே இடத்தில் அதே கறுப்புச் சாளரம். கடைசியில் யொங்கி கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டு, சாளரம் திறந்த நொடியில் அதைப் படம் பிடித்துவிட்டான். படத்தைப் பெரிதாக்கிப் படித்தவனுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"என்னப்பா சொல்லுது?"

"'முல்' யாருன்னு தனக்குத் தெரியாதாம் இபு. அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்."

யோசித்துப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. இந்தக் கணினியை வாங்கிய புதிதில் ஒரு குறும்புக்கார மாணவன், பயனர் பெயர் கேட்கிற இடத்தில், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து 'Rum&Mul' என்று போட்டுக் கொடுத்திருந்தான். ரூமியாத்திக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். விண்டோஸ் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறையும் செய்து வைத்திருந்தது. இப்போது நிறுவல் நிரல் அந்தக் கோப்புறைக்குள் போகிற வழியில் '&' குறியைக் கண்டதும், ஒரு கட்டளை அங்கே முடிந்துவிட்டது, அடுத்து இன்னொரு கட்டளை வருகிறது என்று எடுத்துக்கொண்டது. அடுத்து இருந்தது முல். முல் என்று ஒரு நிரலைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரித்துவிட்டது.

சுடச்சுட வாழைப்பழப் பொரியலோடு உள்ளே வந்த முல்யாதியிடம் இதைச் சொன்னார்கள். அவர் தட்டைக் கீழே வைக்காமலே நின்றார்.

"கல்யாணப் பதிவு ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. ரூம், உங்கப்பா ஒத்துக்கிட்டாரு. இந்தப் பெட்டி மட்டும் என்னை யாருன்னு கேக்குதா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. தப்பு உங்க மேல இல்லை, நடுவுல இருக்கிற அந்தக் குறி மேல," என்றான் யொங்கி. பெயரை வெளியில் மாற்றினால் கோப்புறையின் பெயர் மாறாது. அதனால் புதிதாக ஒரு பயனர் கணக்குத் திறந்து, அதற்குள் நிறுவுவதுதான் வழி. பெயர் என்ன போடலாம், 'rum' என்று மட்டும் போட்டுவிடலாமா என்று கேட்டான்.

முல்யாதி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார். ரூமியாத்தி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரே சொல்லாக 'rumul' என்று அடித்தார்.

"நடுவுல எதுவும் வேண்டாம்," என்றார்.

முல்யாதி நாட்காட்டியை விட்டுத் திரும்பி, யொங்கியின் கையில் ஒரு வாழைப்பழப் பொரியலைக் கொடுத்தார். பெரியதாகப் பார்த்துத்தான் எடுத்தார்.

இந்த முறை பச்சைப் பட்டை கடைசி வரை போனது. பாதுகாப்புச் சுவர் அனுமதி கேட்டது, கொடுத்தார்கள். பலகையை மறுபடி நிறுவினார்கள். அது இயந்திரம் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. மாதிரிப் பக்கத்தைத் திறந்து அம்புக்குறியை அழுத்தியதும், இந்தப் பொதி இல்லை, எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இறக்கியது. பிறகு வலப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் விரிந்தது. சூத்திரங்கள் ஒரே கோட்டில் நின்றன. மண்புழு நீளமாக, அழகாக நெளிந்திருந்தது. பின்னத்தின் கோடு மேலும் கீழும் இருப்பதற்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. இந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டியால் தள்ளித் தள்ளி நேராக்கியே தன் மணிக்கட்டு போனது ரூமியாத்திக்கு நினைவு வந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்கள் சுலபமாக இல்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பிழை சொல்லும். வரி முடிவில் சொற்களை ஆங்கிலத்துக்கு உடைப்பது போல் கண்ட இடத்தில் உடைத்தது. இந்தோனேசிய மொழி என்று தலைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஆசிரியர் காட்டிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. பெட்டி யொங்கி கடையிலேயே இருந்தது. ரூமியாத்தி காலையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தெருவைக் கடந்து வேலைக்குப் போகிறவர் மாதிரி போய் வந்தார். மழை விட்ட ஒரு நாளில் யொங்கியே ஏணி வைத்துத் தெருவுக்கு மேலே கம்பி இழுத்து, இவர் கடைக்கு இணையம் கொடுத்து, பெட்டியையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்து, தன் நகல் இயந்திரத்தோடும் இணைத்துவிட்டான். சூத்திரம் இருந்தால் இபுவிடம், அச்சும் கட்டும் தன்னிடம் என்று பேச்சாயிற்று. அவன் கடை வாடிக்கையாளர்களும் தெம்பே தின்னத் தொடங்கினார்கள்.

லின்தாங் தேர்ச்சி பெற்ற அன்று ஒரு டப்பா சுவார்-சுவிர் மிட்டாயோடு வந்தாள். ரூமியாத்தி வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷமாக எவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"இத்தனை குனிஞ்ச ஆறு போட்டேனே, கடைசியில இது என்னதாம்மா சொல்லுது?"

புகையிலைச் செடிக்கு வருகிற இலைநோய் வயலில் எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியதாம் அது. நோய் வந்த செடிகளைச் சீக்கிரமே பிடுங்கி எறிந்தால் மற்றதெல்லாம் தப்பிக்கும் என்று சொல்கிறதாம். ரூமியாத்தி உடனே காலிசாத் ஊரில் புகையிலை போட்டிருக்கும் மைத்துனரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெருமையாக அதைச் சொன்னார். மறுமுனையில் அவர் சிரித்தார்.

"அதைத்தானே அண்ணி நாங்க எப்பவும் பண்றோம். இதுக்கா அவ்வளவு பெரிய புத்தகம்?"

லின்தாங் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். எந்த நாளுக்குள் பிடுங்கினால் போதும், எந்த நாளுக்கு மேல் பிடுங்கியும் பிரயோஜனமில்லை என்பதுதான் கேள்வி, அது நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது என்றாள்.  பிறகு அவர் அண்ணியிடம் கொடுக்கச் சொன்னார்.

"அப்ப அந்த நாலாம் அத்தியாயத்தை மட்டும் எனக்கு ஒரு பிரதி எடுத்து வைங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ரூமியாத்தி கோப்பைத் திறந்து அச்சிடும் பொத்தானை அழுத்தினார். தெருவுக்கு அந்தப் பக்கம் யொங்கியின் இயந்திரம் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது.