எல்லை தாண்டாத என் மூங்கில்

பக்கத்து வீட்டு நஸீர் நானாவும் நானும் ஒரே நாளில், கட்டுகஸ்தோட்டையில் ஒரே கடையில் மஞ்சள் மூங்கில் கன்று வாங்கி நட்டோம். அவருடையது கூரையைத் தாண்டிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். என்னுடையது இன்னும் என் இடுப்புக்கு வரவில்லை.

வயிற்றெரிச்சலில் இன்று காலை போய்ச் சொன்னேன்.

"நானா, உங்க மூங்கில் வேலி தாண்டி எங்க பக்கம் முளைக்குது."

மனிதர் உடனே மண்வெட்டியோடு வந்தார். வேர் இந்தப் பக்கம் வராதபடி வேலியோரமாக முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டி, என் பக்கம் வந்திருந்த முளைகளையும் தோண்டி எடுத்தார்.

"நானும் என் பக்கம் ஒரு கான் வெட்டணுமா நானா?" என்று கெத்தாகக் கேட்டேன்.

என் மூங்கிலைத் திரும்பிப் பார்த்தார்.

"தேவயில்ல தம்பி. ஒங்கட மூங்கிலால எங்களுக்கு ஒரு கரச்சலும் வராது."

மூங்கிலை வேலி தாண்ட வைக்கத் தெரிந்தவர்கள் உடனே கொமெண்டுக்கு வரவும்.