நாற்பது நெல்லியும் வேலம்மாளின் ஒற்றை நெல்லியும்

2007 பொங்கல் விடுமுறையில் பசுவந்தனைக்குப் போனதற்கு ஒரே காரணம், அங்கே எனக்கிருக்கும் சின்னக் கரிசல் துண்டில் ஐப்பசி மழையோடு நட்டு, பதினான்கு மாதம் ஆன நாற்பது நெல்லிக் கன்றுகள். நட்டதோடு சரி, அதுவரை அந்தப் பக்கம் போகவே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு என் சாப்பாட்டுக்கு அந்த மரங்கள்தான் என்று நம்பியிருந்தேன்.

காலை 6.20க்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். 7.10க்குப் பேருந்து, ஆறு ரூபாய், இருபது கிலோமீட்டர் சொச்சம், ஐம்பது நிமிடம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நல்ல செருப்பு போடாதீர்கள், கரிசல் மண் அதைத் திருப்பித் தராது.

போய்ப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பளவு புல். விலக்கித் தேடினால் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாய்க் கன்றுகள், பதினொன்று செத்தே போயிருந்தன. கோடையில் ஈரம் காயாமல் கன்றடியில் பரப்பும் மூடாக்குக்காக ஒரு வண்டி சோளத்தட்டை வாங்கி அனுப்பியிருந்தேன். ஒரு துரும்பைக் காணோம்.

பக்கத்துத் துண்டில் ஆடு மேய்க்கும் வேலம்மாள்தான் காவல். நட்ட அன்று மிஞ்சிய ஒரு கன்றை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அது அவள் தொழுவத்தருகே என் நெஞ்சுயரம் நின்றது. சுற்றி ஒரு புல் இல்லை. அடியில் சோளத்தட்டைச் சக்கை, சாண் கனத்துக்கு.

“என் தட்டையைத்தான போட்டிருக்க?” என்று கத்தினேன்.

“ஆடு பட்டினி கெடக்கும்போது மண்ணுக்குத் தீனி போட மனசு வரல அண்ணாச்சி. அதுக தின்னது போக மிஞ்சுன சக்கையத்தான் இதுக்குப் போட்டேன்.”

“அந்தச் சக்கையை என் கன்றுக்குப் போட்டா என்ன? புல்லையாவது பறிச்சிருக்கலாமே?”

“புல்லு கெடந்தாத்தான் ஈரம் நிக்கும், ஒரு குச்சியத் தொடாதன்னு நீங்கதான போன்ல சொன்னிய. நாஞ் சொல்ல வந்தேன், நீங்க வச்சிட்டிய.”

சொன்னேன்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். கன்றுக்கான ஈரத்தைப் புல் குடித்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை வரை இருவரும் புல் பறித்தோம். என் கை கிழிந்தது, வாய் ஓயவில்லை. புல் முழுவதும் அவள் ஆடுகளுக்கு, சக்கை முழுவதும் என் கன்றுகளுக்கு என்று பேச்சு.

கன்று வைக்கப் போகிறவர்களுக்கு: கன்றைச் சுற்றி இரண்டு முழம் புல்லில்லாமல் வையுங்கள். தீவனத்தை மூடாக்காகப் போடாதீர்கள், ஆடு தின்றது போக மிஞ்சிய சக்கையைப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

திரும்பும் பேருந்தில் பாதி தூரம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். மீதி தூரத்துக்கு ஆள் மாறிவிட்டது. அந்தப் பதினொன்றையும் கொன்றவன் நான்தான்.