நீல அலமாரியின் உட்பக்கம்

நேற்று பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலிக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஜன்னல் வழியே டர்பன்டைன் வாசனை. மற்றவர்களுக்குத் தலை வலிக்கும்; எனக்கு வயிறு எரிந்தது. போன மாதம் ஸ்டெல்லாவின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து இப்படித்தான்.

ஒரு காலத்தில் அந்த வாசனை என்றால் எனக்கு உயிர். ஸ்டெல்லாவும் நானும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை, பக்கத்திலேயே லாஸ்பேட்டையில் ஒரே மாடி அறை. துணி வைக்க இரண்டு அட்டைப்பெட்டிகள். சண்டே மார்க்கெட்டில் மாமரப் பலகை அலமாரி ஒன்றைப் பார்த்ததும் அவள் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"நாமளே தேச்சி பெயின்ட் அடிச்சிக்கலாம்டி."

என் அப்பா தச்சு வேலை செய்தவர், அதனால் உப்புத்தாள் பிடிக்க எனக்குத் தெரியும். அவளோ பாத்திரம் விளக்குவதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். "மரத்து ரேகை போற வாக்குல தேய்டி, கீறல் தெரியாது" என்று கையைப் பிடித்துக் காட்டினேன். பெரிய மேஸ்திரி என்று நினைப்பு எனக்கு.

கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டார் வருவதற்குள் முடிக்க வேண்டும். வெளியே டிசம்பர் மழை. "தொட்டுப் பாத்தேன், காஞ்சிடுச்சி" என்று அடுத்த பூச்சையும் அடித்துவிட்டாள். காலையில் இடது கதவில் நீலம் பாலாடைபோலச் சுருங்கிக் கிடந்தது. அவள் அழுத அழுகை இருக்கிறதே! அந்தச் சுருக்கத்தை மறைக்க ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து முல்லைக்கொடி வரைந்தேன். கதவின் உட்பக்கம் பெயின்ட் அடிக்காத வெறும் மரம். அங்கே இரண்டு பேர் பெயரையும் எழுதினோம்.

கல்யாணமாகிப் போகும்போது அலமாரியைக் கேட்டாள். "உன் கல்யாணத்துக்குத் திருப்பிக் குடுத்துடுறேன்டி" என்றாள். கொடுத்தேன். என் கல்யாணம் வந்தபோது, "கரையான் அரிச்சிடுச்சிடி, தூக்கிப் போட்டுட்டோம்" என்று போனில் தழுதழுத்தாள். நான்தான் அவளைத் தேற்றினேன். என்ன சொல்ல, பைத்தியக்காரி நான்.

வீடியோவில் அவள் பழைய மரச்சாமானை வீட்டிலேயே புதுப்பிக்கக் கற்றுத்தருகிறாள். பின்னால் எங்கள் அலமாரி, ஒரு பலகைகூட அரிக்காமல்.

"இது என்னோட முதல் வேலைங்க. தனியாவே செஞ்சேன்."

கொடியைத் தடவிக்கொண்டே, "இந்தச் சுருக்கம் வேணும்னே கொண்டாந்தது, ஆன்டிக் லுக்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய ஸ்டெல்லாதான், அந்தப் புளுகு மட்டும் மாறவேயில்லை. கேட்டிருந்தால் அலமாரியையும் கொடியையும் அவளுக்கே விட்டிருப்பேன், நிஜமாக.

அப்புறம் கதவைத் திறந்தாள். உள்ளே அவள் பெயர் மட்டும். வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில் மரம்தான் இருந்தது. நன்றாகவே தேய்த்திருக்கிறாள். ரேகை போகிற வாக்கில், ஒரு கீறல் இல்லாமல்.