விண்கல் மேசையில் சம்பந்தி

அருங்காட்சியகத்தில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர். டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், கீழ்த்தளத்து விண்கல் மேசைக்கு ஆளில்லாத ஒரு நாள் போய் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. யாராவது ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு "இது வானத்துலேர்ந்து விழுந்தது" என்று வந்தால் அவளிடம்தான் அனுப்புவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருடைய கல் இந்தப் பூமியிலேயே பிறந்து வளர்ந்ததுதான். ஆனால் 'இல்லை' என்று அவள் தன் வாயால் சொன்னதே கிடையாது. உண்மையான விண்கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் வந்தவரே அசடு வழியச் சிரித்துவிட்டு எழுந்து போவார். மனஸ்தாபத்துக்கே இடமில்லை.

அந்தத் திங்கட்கிழமை கல்லோடு வந்து உட்கார்ந்தவர் அவளுடைய சம்பந்தி. அவள் மகளுக்கும் அவர் பையனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். மனிதர் கட்டட மேஸ்திரி. தங்கமான குணம், ஆனால் ரோஷக்காரர். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த கல்லை உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் காட்டித் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"சம்பந்தியம்மா, மீட்டியர்! கையில பிடிச்சுப் பாருங்க, என்ன கனம்!"

"மீட்டியரைக் கையில பிடிக்க முடியாதே, சம்பந்தி. வானத்துல சர்ருனு கோடு போட்டுட்டு ஓடுது பாருங்க, அந்த வெளிச்சத்துக்குத்தான் மீட்டியர்னு பேரு. எரிஞ்சது போக மிச்சம் தரைக்கு வந்து சேர்ந்தா மீட்டியரைட். அதுக்கு முன்னாடி விண்வெளியில சும்மா சுத்திக்கிட்டிருக்கிறப்போ மீட்டியராய்டு."

"ஒரே கல்லுக்கு மூணு பேரா? சரி, தரையிலதானே கிடைச்சுது, அப்போ இது மீட்டியரைட். காந்தம் வேற ஒட்டுதே!"

"எங்க வீட்டு பீரோவுலயும்தான் ஒட்டுது."

வழக்கம்போல உண்மையான விண்கல்லைப் பக்கத்தில் வைத்து லென்ஸைக் கொடுத்தாள். அவர் கல் முழுக்கக் குமிழி ஓட்டைகள்; விண்கல்லில் அநேகமாக அப்படி இருக்காது. ஏதோ பழைய உலை கொட்டிய இரும்புக் கசடு என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சம்பந்தியோ துள்ளினார்.

"ஆஹா, எரிஞ்ச ஓட்டை! உங்க கல்லு மொழுமொழுன்னு இருக்கு. என்னோடதுலதான் வேலைப்பாடு!"

இத்தனை வருஷம் கைகொடுத்த லென்ஸ் காலை வாரிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினால் மனிதர் அதைக் கல்யாண மண்டபத்து வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். இல்லை என்றால் மகள் போகிற வீட்டில் என்ன கசப்பு காத்திருக்குமோ! ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"சம்பந்தி, இது விண்கல் இல்லை. இரும்பு உருக்கினப்போ மிஞ்சின கசடு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கல்லைத் துண்டில் சுற்றினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க. அப்போ நானும் சொல்லிடறேன். சம்பந்தம் பேசினப்போ பையன் மேனேஜர்னு சொன்னேன்ல? இல்லைம்மா. அவன் கம்பெனியில சாதாரண கிளார்க்கு. சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை."

கல்லக்காவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. சிரிப்பும் வந்துவிட்டது.

"தெரியும், சம்பந்தி. மாப்பிள்ளை முதல் நாளே பொண்ணுகிட்ட சொல்லிட்டார். நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் நாங்க வாயைத் திறக்கலை."