பதினொன்றாம் பக்கத்து நாய்கள்

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பதினொன்று. வைத்தவர்கள் யாரும் கேலியாக வைக்கவில்லை. செய்தித்தாளின் பதினொன்றாம் பக்கத்தை, அதாவது இரங்கல் விளம்பரப் பக்கத்தை, வடிவமைப்பது அவர் வேலை. ஊரில் யார் கண்ணை மூடினாலும் மறுநாள் காலை அவர் போட்ட கட்டத்துக்குள்தான் வந்து அடங்கியாக வேண்டும். முதல் பக்கத்து ஆசிரியரே, "நாம என்ன குதிச்சாலும் கடைசியில பதினொண்ணுகிட்டதான் போகணும்" என்று சொல்லி, முன்கூட்டியே உறவு வைத்துக்கொள்கிறவர்போல டீ வாங்கிக் கொடுப்பார்.

வேலையில் சுத்தமான மனிதர். வீட்டார் தொலைபேசியில் அழுதுகொண்டே பாதி வாக்கியம் சொல்வார்கள். மீதியை இவர் நிரப்புவார். பொறுமையின் சிகரம், யாருக்கும் தீங்கு நினையாதவர், வந்தோரை முகம் மலர வரவேற்றவர் என்று சில வரிகள் எப்போதும் கைவசம் இருக்கும். ஆளுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை எடுத்து வைப்பார். அப்படி எழுதப்பட்டவர்களில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் வரவில்லை. இறந்துபோனது யாராக இருந்தாலும் பதினொன்றாம் பக்கத்தில் நல்லவர்தான்.

பிறகு செய்தித்தாளே நின்றுபோனது. அதற்கு ஒரு இரங்கல் விளம்பரம் போட இன்னொரு செய்தித்தாள் முன்வரவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை. ஆடின காலும் கட்டம் போட்ட கையும் ஓய்ந்திருக்குமா? சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே சம இடைவெளி விட்டார். மனைவி கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிறவள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம், கழுத்துப் பட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று இவர் யோசனை சொன்னார். இரண்டு பேர் வேறு தையற்காரியைத் தேடிப் போனார்கள். அவருக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவரைவிட அவர் மனைவிக்குத்தான் அவசரம்.

அந்த நேரத்தில்தான் சிஸ்டர் வந்தார். பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில், தெருவில் விடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கிறார். நாய் பிஸ்கட் போட்டுக்கொள்ளக் கிழியாத பாக்கெட் வைத்த கால்சட்டை தைக்க வந்தவர், பேச்சுவாக்கில், நாய்களுக்கு வீடு தேட ஒரு இணையதளம் வேண்டும், செய்ய ஆள் இல்லை என்றார். மனைவி ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு சிஸ்டர். பத்திரிகையில பக்கம் போட்டவரு. கம்ப்யூட்டர்லாம் தெரியும். கூட்டிட்டுப் போங்க."

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பல் இருக்கிறதா, கால் நொண்டுகிறதா என்று பார்க்கிற பார்வை. மாதச் சம்பளம் சின்னதுதான் என்றார். மனைவி அதற்கும் இவருக்கு முந்திச் சரி சொல்லிவிட்டாள்.

கொட்டகைப் பக்கம் அவர் போகவில்லை. நாய் என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு மரியாதை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து செலுத்துகிற மரியாதை. படங்களையும் விவரங்களையும் சிஸ்டர் அனுப்பட்டும், முறைப்படி போட்டுக்கொள்ளலாம் என்றார். மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, இணையதளத்தில் எதை எங்கே அழுத்தினால் என்ன நடக்கும் என்று காட்டிக் கொடுத்தான். சாப்பாட்டு மேசையில் மனைவி ஒரு ஓரம் ஒதுக்கித் தந்தாள். பத்திரிகை நின்ற இரண்டு வருஷத்துக்குப் பிறகு மனுஷர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தார். பின்னணிக்குச் சாம்பல் நிறம், ஏனென்றால் கண்ணை உறுத்தாது. படங்கள் முட்டை வடிவத்தில், சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. நாக்கைத் தொங்கவிட்ட படங்கள் கண்ணியமாக இல்லை என்று ஒதுக்கினார். வாயை மூடி, நேராகப் பார்க்கிற படமாகச் சிஸ்டரிடம் கேட்டு வாங்கினார். வரிசையில் வயதில் மூத்தது முதலில். பெயர் தடித்த எழுத்தில். அதன் கீழே உறவு முறை: இன்னாரின் தாய், இன்னாரின் தமையன். அதற்கும் கீழே, கைவசம் இருந்த வரிகளில் பொருத்தமான ஒன்று. கடைசியில் "தொடர்புக்கு" என்று சிஸ்டரின் எண். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். இவ்வளவு அமைதியான ஒரு பக்கத்தை அவரே இதுவரை போட்டதில்லை.

முதல் இடத்தில் இருந்தது மேனேஜர். கொட்டகையிலேயே மூத்த நாய். எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். இரண்டு தடவை வளர்க்கக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. பக்கத்தில் அதற்கு இப்படிப் போட்டிருந்தார்: "மேனேஜர். மிளகின் மூத்த சகோதரன். பொறுமையின் சிகரம். யாருக்கும் தீங்கு நினையாதவன்."

பக்கம் வெளியான அன்றைக்கே செய்திகள் வந்து குவிந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆழ்ந்த இரங்கல். குடும்பத்தாருக்கு எங்கள் ஆறுதல். இத்தனை பேரா, ஒரே நாளிலா, என்ன நோய்? கொட்டகையில் தொற்றுநோய் என்று சுகாதார அலுவலகத்துக்கு யாரோ புகார் செய்துவிட, இரண்டு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. அவர்களுக்குப் பின்னாலேயே ஒரு மலர்வளையமும் வந்தது, மேனேஜர் பெயருக்கு. வாசலில் அதை வாங்கி வைத்து சிஸ்டர் கையெழுத்துப் போடுவதற்குள் மேனேஜர் நேரில் வந்து அதில் பாதியைத் தின்றுவிட்டது.

அன்று மாலை சிஸ்டர் அவர் வீட்டுக்கே வந்தார். சத்தம் போடவில்லை. வார்டில் கத்தாமல் பயமுறுத்திப் பழகிய குரல்.

"சார், ஒரு கம்பெனியில ரெடிமேடா சைட் தரேன்னு சொல்றாங்க. பேரையும் படத்தையும் குடுத்தா போதுமாம், ஆளே வேண்டாமாம். உங்களுக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம். அந்த மேனேஜருக்கு மட்டும் ஒரு வீடு பாத்துக் குடுங்க, நான் அவங்க பக்கமே போகல. இல்லைன்னா விட்டுருங்க."

சிஸ்டர் போன பிறகு வீட்டில் தையல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவை நகர்த்தினார். அந்தச் சத்தம் மனைவிக்குப் போதும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

தான் செய்ததில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நிறத்தை மாற்றலாம், கறுப்புக் கோட்டை எடுக்கலாம் என்றார். மனைவி திரையைக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னைப் பத்தி எழுதணும்னா என்னங்க எழுதுவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "அன்பான மனைவி. அதிர்ந்து பேசாதவள். யார் மனமும் நோகாமல்…"

"யாருங்க செத்தது?" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா நான் அதிர்ந்து பேசலையா? நேத்து பேசினது உங்க காதுல விழலையா? கோட்டை எடுத்தா என்ன, சேப்பு மஞ்சள்னு அடிச்சா என்ன. ஒரு குறைகூடச் சொல்லலைன்னா படிக்கிறவங்க செத்துப்போச்சுன்னுதான் நினைப்பாங்க. உயிரோட இருக்கிறதுக்குக் குறை இல்லாம இருக்குமா?"

உங்களைப் பற்றி நான் எழுதட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றார். கேட்காமலே சொன்னாள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போயிற்று.

மறுநாள் அவர் கொட்டகைக்குப் போனார். வெளிக்கதவில் கை வைத்தவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். சிஸ்டர் வந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இவர் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் மேனேஜர் வந்து உட்கார்ந்து, இவர் சரியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தது. எழுதப்போகிற ஆளை நேரில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. எழுதப்படுகிறவர் தன்னைத் திருப்பிப் பார்ப்பார் என்பதையும் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

நாலைந்து நாள் அப்படிப் போனார். காலைக் கீழே இறக்கினார். பிறகு பக்கத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார். வெள்ளைப் பின்னணி. சதுரப் படம். நாக்கு தொங்கினால் தொங்கட்டும். மூத்ததை முதலில் வைக்கும் வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

"மேனேஜர். வயது தெரியாது, நிறைய. வேலை எதுவும் செய்யாது, மற்றவர்கள் செய்வதை உட்கார்ந்து பார்க்கும். கூட்டினால் கூடவே வந்து, விட்டுப்போன மூலையில் போய் நின்றுகொள்ளும். அந்த மூலையைக் கூட்டும்வரை நகராது. சாப்பாடு தாமதமானால் தட்டைக் கவ்விவந்து காலில் போடும். குளிப்பாட்டினால் இரண்டு நாள் முகம் கொடுக்காது. குழந்தைகளைப் பிடிக்காது, ஆனால் கடிக்காது. எழுந்து வேறு அறைக்குப் போய்விடும். இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. ஏன் என்பது இதற்குள் புரிந்திருக்கும்."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாடகைக்கு விடுகிறவன் கூரை ஒழுகுது என்று பலகை எழுதி மாட்டுவானா என்று கேட்டார். ஒழுகுவது எங்கே என்று தெரிந்தால் பாத்திரம் வைத்துக்கொள்கிறவன் வருவான் என்றார் இவர். அந்தப் பதில் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதில் மனைவி பேச்சின் வாடை அடித்தது.

பக்கத்தைப் படித்தவர்கள் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், சண்டையும் போட்டார்கள். செருப்பைக் கடிக்கும் என்று போட்டிருந்த மிளகைச் செருப்புத் தைக்கிற ஒருவர் வந்து, கடித்தால் தைத்துக்கொள்கிறேன் என்று கூட்டிப்போனார். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் பட்டன் என்ற நாயை, தானும் அப்படித்தான் என்று சொல்லி ஒரு லாரி டிரைவர் வாங்கிப்போனார். மேனேஜரைக் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை. மாசமும் தேய்ந்துகொண்டே வந்தது. மனைவி டப்பாக்களை மேல் தட்டுக்கு மாற்றினாள், அவருக்கு எட்டாத உயரத்துக்கு.

கடைசி வாரத்தில், இவரும் கொட்டகையில் இருந்த ஒரு நாள், ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும், விறைப்பான நடை. பேத்தி போனில் காட்டினாளாம். யாரிடமும் எதுவும் கேட்காமல், ஓரத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைக் கூட்டத் தொடங்கினார். வேண்டாம் என்று ஓடிய சிஸ்டரை ஒரு பார்வையில் நிறுத்தினார். மேனேஜர் எழுந்து பின்னாலேயே போனது. அந்த அம்மாள் வேண்டுமென்றே தண்ணீர்த் தொட்டி மூலையை விட்டுவிட்டு வந்தார். மேனேஜர் அந்த மூலையில் போய் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தது.

அம்மாள் துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்றார். பிறகு பொதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் போனதிலேர்ந்து வீட்டுல குத்தம் சொல்ல ஆளில்லைங்க. எதைச் செஞ்சாலும் சரியாத்தான் இருக்கு. சலிச்சுப்போச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர்ல அவரைப் பொறுமையின் சிகரம்னு போட்டிருந்தாங்க. நான் வேற யார் வீட்டு விஷயமோன்னு பக்கத்தைத் திருப்பிட்டேன். பேத்திதான் அது தாத்தான்னு சொன்னா" என்றார்.

இவர் தரையைப் பார்த்தார். சிஸ்டர் இவரைப் பார்த்தார். மேனேஜர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாள் போய் அதைக் கூட்டிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் பார்ப்போம் என்று சிஸ்டர் காத்திருந்தார். மேனேஜர் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு தடவை அந்த அம்மாள் போன் செய்து, ராத்திரி வெளிக்கதவைப் பூட்ட மறந்தால் அது தூங்கவிடுவதில்லை என்று நீளமாகப் புகார் சொன்னாராம். வந்து கூட்டிக்கொண்டு போகவா என்று சிஸ்டர் கேட்டதும் வைத்துவிட்டாராம்.

அதன்பின் சிஸ்டர் ரெடிமேட் கம்பெனி பற்றிப் பேசவே இல்லை. "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் தன்னைப் பற்றி நாலு வரி போடச் சொன்னார். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்கு மட்டும் உங்க பழைய மாதிரியே எழுதிடுங்க சார். அது நல்லா இருந்துச்சு."

அவர் மூன்று நாள் திண்டாடினார். பழைய மாதிரி எழுதிப் பார்த்தார். வாசித்ததும் அழித்தார், நன்றாக நடமாடுகிற மனுஷியாயிற்றே என்று. கடைசியில் பார்த்ததை எழுதினார்: நாய்களிடம் கொஞ்சுவார், மனிதர்களிடம் கடுகடுப்பார். பாக்கெட்டில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். தனக்குப் பசித்தாலும் அதைத்தான் சாப்பிடுவார். போனில் தன் பேச்சு முடிந்ததும் வைத்துவிடுவார், எதிர் ஆள் முடித்தாரா என்று பார்க்கமாட்டார். அனுப்பிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

போன் வந்தது.

"படிச்சேன் சார்" என்றார் சிஸ்டர். "பிஸ்கட் விஷயம் யார் சொன்னா? சரி, இருக்கட்டும். ஆனா அந்தப் போன் விஷயம் தப்பு. நான் அப்படியெல்லாம் வைக்கிறவ இல்லை. நாளைக்கு பதினாலு பூனை வருது, அதுங்களுக்கும் ஒரு பக்கம் வேணும், காலையில சீக்கிரம் வந்துருங்க."

பூனை என்றால் தனக்கு… என்று இவர் ஆரம்பித்தார். மறுமுனையில் ஆள் இல்லை.