குத்பாவின் நடுவே நான் எழுந்து நின்ற வெள்ளிக்கிழமை

என் மகள் கதீஜா காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் நான் வேலை பார்த்த காலம். அவளுக்கு அப்போது நான்கு வயது. மழை சற்று விட்டதும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடியிருக்கிறாள். ஆட்டுக்குட்டி திரும்பிவிட்டது, பிள்ளை திரும்பவில்லை.

எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் பெரிய ஆளே இடுப்பளவு புதைந்துபோவார். என் மனைவி அந்தப் பக்கத்தையே பார்த்து அழுதாள்.

பட்டறை ஆட்களோடு சந்து சந்தாகத் தேடினேன். நண்பன் மீரான் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மச்சான், நம்ம ஆளு ஒரு கை அளவுதான். பெரிய பள்ளியில இப்பம் ஜும்ஆவுக்குக் கூட்டம் நெறஞ்சு கெடக்கும். அங்கன போயி சொல்லு. ரோஷம் பாக்காத."

ரோஷம் இருந்தது. அந்தப் பள்ளிவாசலில் பயான் என்கிற சொற்பொழிவு முழுக்க உர்துவில்தான். கொஞ்சம் தமிழிலும் சொல்லச் சொன்னோம், பேச்சு முற்றியது. மிட்டாய்க்கடை பாஷா பாய், "புரியாதவன் ஊருக்குப் போகட்டும்" என்றார். திருநெல்வேலிக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? மறுவாரமே பட்டறைக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையைத் தனியாகத் தொடங்கிவிட்டோம். சலாம் சொல்வதுகூட நின்றுபோனது.

ஆனாலும் ஓடினேன். நான் நுழைந்தபோது இமாம் மிம்பர் மேடையில் நின்று குத்பா பிரசங்கம் ஓதிக்கொண்டிருந்தார். குத்பா நேரத்தில் பக்கத்தில் இருப்பவனை 'பேசாதே' என்று அதட்டுவதும் தப்பு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. 'யா அல்லாஹ், என் பிள்ளையைத் தா, இந்தச் சபையில் எனக்கு என்ன அவமானம் வந்தாலும் வரட்டும்' என்று கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

தெரிந்த இந்தியும் மறந்துபோனது. "ஹஜ்ரத், எம்புள்ளயக் காணும்" என்று தமிழிலேயே கத்தினேன். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இமாம் ஓதுவதை நிறுத்தி, கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"க்யா ஹுவா, பாய்?"

"பச்சி... பச்சி கும் ஹோ கயா." பிள்ளை தொலைந்துவிட்டது என்பதற்கு அவ்வளவுதான் வாய்க்கு வந்தது.

அவர் குத்பாவைச் சுருக்கினார். தொழுகையிலும் குர்ஆனின் சின்ன சூராக்களையே ஓதினார். நெற்றி தரையில் பட்டபோது நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தொழுகையை முடித்து சலாம் கொடுத்ததும் இமாம் திரும்பி உட்கார்ந்து உர்துவில் சொன்னார்: "யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. முதல் ஸஃப் சதுப்புப் பக்கம். அடுத்த ஸஃப் ரயில் தண்டவாளம். மூன்றாவது மாட்டுங்கா ரோடு. மற்றவர்கள் சந்துகள்."

தோளோடு தோள் நின்று தொழுத ஸஃப் வரிசைகள் அப்படியே எழுந்து வெளியே போயின. அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாலை அஸர் தொழுகையின் பாங்குக்கு முன்பே அவள் கிடைத்தாள். சேற்றில் சிக்கி, ஒரு மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அழுது அழுது குரலே போய்விட்டதாம். தூக்கி வந்தது பாஷா பாய். அவர் எப்போதும் முதல் ஸஃபில் நிற்பவர். வெள்ளை ஜிப்பா மார்பு வரை கறுத்திருந்தது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "லே, பாய்" என்று மட்டும் சொன்னார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சேறானோம்.

அடுத்த வெள்ளி கொட்டகையில் ஜும்ஆ இல்லை. எல்லாரும் பெரிய பள்ளிக்குப் போனோம். உர்து பயான் முடிந்ததும் கொட்டகையில் எங்களுக்குத் தொழவைத்த ஆலிம்சா தமிழில் சுருக்கம் சொல்ல இமாம் இடம் கொடுத்தார். அதைக் கேட்க முதலில் உட்கார்ந்தவர் பாஷா பாய். ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது அவருக்கு.

சகோதரர்களே, மனவருத்தத்தில் ஜும்ஆவைத் தனியாக்கிக்கொண்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், இந்த வாரமே திரும்பிப் போங்கள். உங்களுக்கு ஆகாதவரின் பக்கத்திலேயே நின்று கையேந்துங்கள். அன்று நான் கேட்ட துஆவுக்குப் பதிலை அல்லாஹ் எனக்கு ஆகாதவர் தோளில்தான் ஏற்றி அனுப்பினான்.